கடன் யார் தலையில்? கல்விக் கடன், வீட்டுக் கடன் வாங்குமுன் தெரிந்துகொள்ள வேண்டியது

வங்கிக் கடனுக்குக் கையெழுத்துப் போடப் போகிறவர்களிடம் இரண்டு நம்பிக்கைகளைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். கல்விக் கடன் வாங்கும் வீட்டில், "வேலை கிடைத்த பிறகுதானே கட்டணும்?" என்பார்கள். வீட்டுக் கடன் வாங்கியவர், "முடியாமல் போனால் வீட்டை எடுத்துக்கொள்ளட்டும், அதோடு கணக்கு முடிந்தது" என்பார். இரண்டுமே தவறு. அது தவறு என்று பெரும்பாலானவர்களுக்குத் தெரியவருவது பதிவுத் தபால் வரும்போதுதான்.

என் சித்தப்பாவுக்குத் தபால்கூட வரவில்லை. நண்பர் மகனின் இன்ஜினீயரிங் படிப்புக்கு ஒரு கையெழுத்துப் போட்டிருந்தார். "சும்மா சாட்சிக் கையெழுத்துதான்" என்று சொல்லி வாங்கியிருக்கிறார்கள். வருடங்கள் கழித்து அவர் வீடு கட்டக் கடன் கேட்டு வேறொரு வங்கிக்குப் போனார். அங்கே மேனேஜர் கம்ப்யூட்டர் திரையைத் திருப்பிக் காட்டினார். சித்தப்பா பெயரில் ஒரு வாராக்கடன். அவர் போட்டது சாட்சிக் கையெழுத்து இல்லை, ஜாமீன் கையெழுத்து. பையன் ஒரு தவணைகூடக் கட்டவில்லை. நண்பர் போனையே எடுப்பதில்லை.

அந்தத் திரையில் சித்தப்பா பார்த்ததற்குப் பெயர்தான் தனிப்பட்ட பொறுப்பு. இந்தக் கட்டுரை அதைப் பற்றியதுதான்.

வாக்கு ஒன்று, ஈடு ஒன்று

வங்கி நீட்டும் அந்தத் தடித்த காகிதக் கட்டில் இரண்டு தனித்தனிச் சங்கதிகள் இருக்கின்றன. "இவ்வளவு பணத்தை இவ்வளவு வட்டியோடு நான் திருப்பித் தருகிறேன்" என்ற வாக்கு ஒன்று. "தராவிட்டால் இந்தச் சொத்தை விற்று எடுத்துக்கொள்" என்ற ஈடு மற்றொன்று. வாக்கு இல்லாமல் கடனே கிடையாது. ஈடு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். சின்னக் கல்விக் கடனில் வாக்கு மட்டும்தான். வீட்டுக் கடனில் இரண்டும் உண்டு.

நமக்குக் குழப்பம் வருவதற்குக் காரணம் நகைக்கடன் என்று நினைக்கிறேன். அடகு வைத்த சங்கிலியை மீட்காமல் விட்டால் ஏலம் போகும், அதோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும். தலைமுறை தலைமுறையாகப் பார்த்துப் பழகியது அது. ஆனால் அங்கே கணக்கு முடிவதற்குக் காரணம் சட்டம் இல்லை. நகையின் மதிப்பைவிடக் குறைவாகவே கடன் தருவதால் விற்றால் பெரும்பாலும் கடன் அடைந்துவிடுகிறது, அவ்வளவுதான். தங்கத்தின் விலையும் நம் ஊரில் இறங்கிப் பழக்கம் இல்லை. மூன்றாவது மாடியில் இருக்கும் இரண்டு பெட்ரூம் ஃபிளாட்டுக்கு அந்தக் குணம் கிடையாது.

ஆக, ஈடு என்பது கடனைத் தீர்த்துக்கொள்ள வங்கிக்கு இருக்கும் ஒரு வழி. அந்த வழியில் போய் முழுப் பணமும் வரவில்லை என்றால், மீதிக்கு வங்கி மறுபடி உங்களிடம்தான் வரும்.

படித்தது ஒருவர், கையெழுத்து எத்தனை பேர்?

இந்தியாவில் பெரும்பாலான வங்கிகள் இந்திய வங்கிகள் சங்கம் 2001இல் வகுத்த மாதிரித் திட்டத்தை ஒட்டித்தான் கல்விக் கடன் தருகின்றன. அதன் அமைப்பு எளிது. 4 லட்சம் வரை ஈடு கேட்பதில்லை, ஆனால் பெற்றோர் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். 4 லட்சத்துக்கு மேல் 7.5 லட்சம் வரை அந்த மாதிரித் திட்டம் வெளியாள் ஜாமீனும் கேட்டது. அதற்கு மேல் போனால் வீடு, மனை போன்ற சொத்து ஈடு. இடையில் 2015இல் மத்திய அரசு கல்விக் கடனுக்கு ஒரு உத்தரவாத நிதியை ஏற்படுத்தியது. அதில் சேரும் 7.5 லட்சம் வரையிலான கடன்களுக்கு ஜாமீனும் ஈடும் தேவையில்லை. 2024 நவம்பரில் அறிவித்த பி.எம். வித்யாலட்சுமி திட்டமும் தேர்ந்தெடுத்த கல்வி நிறுவனங்களில் சேருபவர்களுக்கு ஈடும் ஜாமீனும் இல்லாமல் கடன் தருகிறது.

"அரசு உத்தரவாதம்" என்ற சொல்லைக் கேட்டதும் பலர் "அப்போ கட்டாவிட்டால் அரசு கட்டிவிடும்" என்று புரிந்துகொள்கிறார்கள். அந்த உத்தரவாதம் வங்கிக்கு, மாணவருக்கு அல்ல. கடன் வராமல் போனால் வங்கியின் நஷ்டத்தில் 75 சதவீதம் வரை அந்த நிதி ஈடுகட்டும். மாணவரின் கடன் அப்படியே நிற்கும். அவரிடம் வசூலிக்கும் வேலையை வங்கி தொடர வேண்டும் என்பதும் அந்த ஏற்பாட்டின் பகுதிதான்.

அடுத்து, பெற்றோர் கையெழுத்து. விண்ணப்பத்தில் அப்பாவின் பெயர் இணைக் கடன்தாரர் என்று இருக்கும். இதை ஏதோ பள்ளி ரேங்க் கார்டில் போடும் பெற்றோர் கையெழுத்து மாதிரி நினைத்துப் போடுகிறவர்கள் ஏராளம். இணைக் கடன்தாரர் என்றால் கடன் வாங்கியதே அவரும்தான். மகன் கட்டாத பட்சத்தில் அப்பா, மகனால் முடியவே இல்லை என்று நிரூபணமான பிறகு அப்பா என்றெல்லாம் வரிசை கிடையாது. முதல் நாளிலிருந்தே இருவரும் முழுத் தொகைக்கும் பொறுப்பு.

மகனுக்கு அப்போது 17 வயது என்றால் இன்னும் ஒரு முடிச்சு. 18 நிரம்பாதவர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது. 1903இல் மோஹரி பீபி வழக்கில் லண்டன் பிரிவி கவுன்சில் சொன்ன தீர்ப்பு இன்றும் நிற்கிறது. அதனால் வங்கி முதலில் பெற்றோரிடம் ஆவணம் எழுதி வாங்கும். பையனுக்கு 18 ஆனதும் அவனைக் கூப்பிட்டுத் தனியாக ஒப்புதல் கடிதம் வாங்கும். பிளஸ் டூ முடித்த கையோடு கடன் வாங்கிய பலர் அந்த இரண்டாவது கையெழுத்தை நினைவில்கூட வைத்திருப்பதில்லை.

பெண்ணுக்கு வாங்கிய கடனில் இந்தச் சங்கடம் வேறு மாதிரி வரும். படிப்பு முடிந்து கல்யாணமும் ஆகிவிடுகிறது. இனித் தவணையை அப்பா கட்டுவதா, மாப்பிள்ளை வீட்டில் கட்டுவதா என்று ஒரு பேச்சு எழும். நிச்சயதார்த்தத்துக்கு முன்பே பேசியிருக்க வேண்டிய விஷயம், ஆனால் யாரும் பேசுவதில்லை. வங்கியைப் பொறுத்தவரை கேள்வியே இல்லை: கையெழுத்துப் போட்ட மகளும் அப்பாவும்தான். மாப்பிள்ளை எந்தக் காகிதத்திலும் இல்லை.

காலண்டர் வேலைக்காகக் காத்திருக்காது

தவணை எப்போது தொடங்கும்? படிப்புக் காலம், அதற்கு மேல் ஒரு வருடம். அந்த விடுப்பு முடிந்ததும் தொடங்கிவிடும். ஆஃபர் லெட்டர் வந்ததா இல்லையா என்று பார்த்து அல்ல, தேதியைப் பார்த்து. திருப்பிச் செலுத்த 15 வருடம் வரை அவகாசம் உண்டு.

விடுப்புக் காலத்தில் தவணைதான் இல்லை. வட்டி ஏறிக்கொண்டே இருக்கிறது. கையால் போட்டுப் பார்க்கலாம். நான்கு வருடப் படிப்புக்கு வருடம் ஒரு லட்சம் என்று 4 லட்சம் வாங்குகிறீர்கள், வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். விடுப்புக் காலத்தில் தனிவட்டிதான். முதல் லட்சத்துக்கு ஐந்து வருட வட்டி 50,000. இரண்டாவதற்கு 40,000, அடுத்து 30,000, கடைசி லட்சத்துக்கு 20,000. மொத்தம் 1,40,000. முதல் தவணை கட்டும் நாளில் உங்கள் கடன் 4 லட்சம் இல்லை, 5 லட்சத்து 40 ஆயிரம். அந்த வட்டியும் அசலோடு சேர்ந்துவிடும், பிறகு அதற்கும் வட்டி. பத்து வருடத்தில் அடைப்பதென்றால் மாதம் சுமார் 7,140 ரூபாய். பதினைந்து வருடம் என்றால் சுமார் 5,800.

படிக்கும்போதே வட்டியை மட்டும் மாதாமாதம் கட்டிவந்தால் இந்த ஏற்றம் இருக்காது, சில வங்கிகள் வட்டியில் ஒரு சதவீதம் குறைக்கவும் செய்யும். முதல் வருடம் அந்த வட்டி மாதம் 800 ரூபாய்க்குச் சற்று மேல்தான் வரும். பையனின் போன் ரீசார்ஜையும் பெட்ரோலையும் கூட்டினால் அந்தத் தொகை வந்துவிடும். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 4.5 லட்சத்துக்குள் இருந்தவர்களுக்கு விடுப்புக் கால வட்டியை மத்திய அரசே ஏற்கும் மானியம் 2009 முதல் வந்தது. விடுப்பு முடிந்த பின் ஏறும் வட்டிக்கு அது பொருந்தாது. இதையும் வட்டித் தள்ளுபடி என்று சுருக்கமாகக் கேட்டு, மொத்தமாகத் தள்ளுபடி என்று நம்பியவர்கள் உண்டு.

தள்ளுபடி என்றதும் இன்னொன்று. தமிழ்நாட்டில் கல்விக் கடன் தள்ளுபடி தேர்தல் நேரத்தில் அடிபடும் பேச்சு. நாட்டிலேயே கல்விக் கடன் அதிகம் வாங்கும் மாநிலங்களில் நம்முடையது முன்வரிசை, ஆகவே அடிபடத்தான் செய்யும். வாக்குறுதியை நம்பி வாக்களிப்பது உங்கள் உரிமை. அதை நம்பித் தவணையை நிறுத்தாதீர்கள். அரசாணை வராதவரை வங்கிக் கணினிக்கு மேடைப் பேச்சு தெரியாது.

ஆளுக்குப் பாதி என்பது இல்லை

1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் இரண்டு பிரிவுகளை மட்டும் தெரிந்து வைத்திருந்தால் போதும், பாதிக் குழப்பம் தீரும்.

பிரிவு 43: பலர் சேர்ந்து ஒரு வாக்குக் கொடுத்தால், அவர்களில் யாரிடம் வேண்டுமானாலும் முழுவதையும் கேட்கலாம். கணவன், மனைவி சேர்ந்து வீட்டுக் கடன் வாங்கினால் ஆளுக்குப் பாதிப் பொறுப்பு என்று நினைப்போம். இல்லை, ஆளுக்கு முழுப் பொறுப்பு. ஒருவர் முழுவதையும் கட்டினால் மற்றவரிடம் அவர் பங்கைக் கேட்டு வாங்கலாம், அது அவர்களுக்குள். நாளை விவாகரத்து ஆகி, "வீடு அவருக்கு, கடனும் அவருக்கு" என்று குடும்ப நீதிமன்றத்தில் எழுதி வைத்தாலும் வங்கி அதில் கையெழுத்துப் போடவில்லை. அவர் கட்டாவிட்டால் வங்கி உங்களையும் கேட்கும். கடனை ஒருவர் பெயருக்கு மாற்ற வங்கியே எழுத்தில் ஒப்புக்கொண்டால்தான் மற்றவர் வெளியே வர முடியும்.

பிரிவு 128: ஜாமீன்தாரரின் பொறுப்பு கடன்தாரரின் பொறுப்புக்குச் சமம். "முதலில் அவனிடம் கேளுங்கள், அவன் சொத்தை எல்லாம் விற்றுப் பாருங்கள், அப்புறம் என்னிடம் வாருங்கள்" என்று சித்தப்பா சொல்ல முடியாது. சொன்னார், மேனேஜர் இந்தப் பிரிவைத்தான் காட்டினார். ஜாமீன்தாரர் பணத்தைக் கட்டிய பிறகு அதைக் கடன்தாரரிடம் வசூலிக்கும் உரிமை அவருக்கு உண்டு. நண்பர் போனை எடுக்காத ஊரில் அந்த உரிமை கோர்ட் படியேறினால்தான் பயன்படும்.

என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஜாமீன் கேட்பவருக்கு அந்தத் தொகையை நீங்களே கடனாகக் கொடுப்பீர்களா என்று யோசியுங்கள். மாட்டேன் என்றால் ஜாமீனும் போடாதீர்கள். சொந்தபந்தத்தில் இதைச் சொல்வது கஷ்டம், தெரியும். "எனக்கே வீட்டுக் கடனுக்கு அப்ளை பண்ணப் போறேன், சிபிலில் ஏறிடும்" என்று சொல்லித் தப்பிக்கலாம். அது பொய்யும் இல்லை. ஜாமீன் போட்ட கடனும், உங்கள் கடன் வரலாற்றை வங்கிகளுக்குக் காட்டும் சிபில் அறிக்கையில் வரும்.

வீடு போன பிறகும்

வீட்டுக் கடனுக்கு வருவோம். 30 லட்சம், 20 வருடம், வட்டி 8.5 சதவீதம் என்றால் மாதத் தவணை சுமார் 26,035. முதல் மாதத் தவணையில் 21,250 ரூபாய் வட்டிக்கே போய்விடும், அசலில் குறைவது 4,785 மட்டும். ஐந்து வருடம் ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டினால் கையிலிருந்து போனது 15 லட்சத்து 62 ஆயிரம். பாக்கி எவ்வளவு தெரியுமா? 26 லட்சத்து 40 ஆயிரத்துக்கு மேல். இந்தக் கணக்கை முதல் தடவை பார்ப்பவர் முகம் சுருங்காமல் இருந்ததை நான் பார்த்ததில்லை. ஏமாற்று ஒன்றும் இல்லை, வட்டி பாக்கித் தொகைக்குத்தான் போடப்படுகிறது, ஆரம்பத்தில் பாக்கி பெரியது. ஆனால் "அஞ்சு வருஷம் கட்டியாச்சு, கால்வாசி நம்மளுது" என்ற நினைப்பு எவ்வளவு தவறு என்று இதில் தெரியும்.

சரி, ஆறாவது வருடம் வேலை போய்விடுகிறது. என்ன நடக்கும்?

தவணை 90 நாளுக்கு மேல் நிலுவையில் இருந்தால் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும். அதன் பிறகு 2002ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டம் வேலைக்கு வரும். இந்தச் சட்டத்தின் பலமே, வீட்டைக் கைப்பற்றி விற்க வங்கி முதலில் கோர்ட்டுக்குப் போக வேண்டியதில்லை என்பதுதான். 60 நாளில் முழுப் பாக்கியையும் கட்டச் சொல்லி நோட்டீஸ் வரும். கவனியுங்கள், நிலுவைத் தவணையை மட்டும் அல்ல, முழுக் கடனையும். அதற்கு நீங்கள் எழுத்தில் ஆட்சேபம் சொல்லலாம், வங்கி 15 நாளில் பதில் தர வேண்டும். 60 நாள் கழிந்தால், வீட்டை வங்கி தன் வசம் எடுத்துக்கொண்டதாகச் சொல்லும் சுவாதீன நோட்டீஸை வீட்டுக் கதவில் ஒட்டுவார்கள், இரண்டு நாளிதழ்களில் விளம்பரம் வரும், அதில் ஒன்று உள்ளூர் மொழியில். உங்கள் பெயரும், இணைக் கடன்தாரர் பெயரும், ஜாமீன்தாரர் பெயரும் அந்தக் குட்டி எழுத்தில் இருக்கும். பிறகு ஏல அறிவிப்பு, அதற்கு 30 நாள். வங்கியின் நடவடிக்கையை எதிர்த்து 45 நாளுக்குள் கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். சென்னை, கோவை, மதுரையில் அவை இருக்கின்றன.

ஏலத்தில் வீடு விற்கிறது. நேரடியாக விற்றால் கிடைக்கும் விலை ஏலத்தில் கிடைப்பது அரிது. ஆள் குடியிருக்கும் வீடு, வழக்கு இருக்குமோ என்ற பயம் எல்லாம் சேர்ந்து விலையைக் கீழே இழுக்கும். பாக்கி, ஏறிய வட்டி, செலவு எல்லாம் சேர்த்து 28 லட்சம் என்று வைப்போம். வீடு 23 லட்சத்துக்குப் போனால் 5 லட்சம் மிச்சக் கடன். அதே சர்ஃபாசி சட்டத்தின் 13(10) பிரிவு, அந்த மிச்சத்தை உங்களிடம் கேட்டுத் தீர்ப்பாயத்துக்கோ கோர்ட்டுக்கோ போக வங்கிக்கு வழி தருகிறது. தொகை 20 லட்சத்துக்குக் குறைவு என்றால் பொதுவாகச் சிவில் கோர்ட். வீடும் போய், கடனும் இருக்கும் நிலை இதுதான். மாறாக வீடு 33 லட்சத்துக்குப் போயிருந்தால் மிஞ்சும் 5 லட்சம் உங்களுடையது, வங்கி திருப்பித் தர வேண்டும். இதைக் கேட்டு வாங்கத் தெரியாதவர்களும் உண்டு.

அதனால்தான், தவணை கட்ட முடியாது என்று உறுதியாகத் தெரிந்தால் ஏலத்துக்கு விடாமல் வங்கியிடம் சொல்லிவிட்டு நீங்களே வாங்க ஆள் பார்ப்பது நல்லது. வீட்டை விற்பது மானப் பிரச்சினை என்று தள்ளிப்போட்டு, கதவில் நோட்டீஸ் ஒட்டியபின் விற்க முயல்பவர்கள்தான் அதிகம். அதற்குள் தரகர் முதல் பக்கத்து வீட்டுக்காரர் வரை விஷயம் தெரிந்து விலையை அடித்துப் பேசுவார்கள்.

கல்விக் கடனும் இதே பாதையில் வந்து சேரும் ஒரு இடம் உண்டு. வெளிநாட்டுப் படிப்புக்கு 30, 40 லட்சம் வாங்குபவர்கள் பெரும்பாலும் அப்பாவின் வீட்டைத்தான் ஈடாக வைக்கிறார்கள். மகள் டப்ளினில் வேலை தேடிக்கொண்டிருப்பாள், நோட்டீஸ் தஞ்சாவூர் வீட்டுக்கு வரும். விமானம் ஏறியவரைத் துரத்துவதைவிட இங்கே இருக்கும் வீடு வங்கிக்கு எளிது.

கல்லூரி சரியில்லை, பில்டர் கட்டவில்லை

"கல்விக் கடன் பணத்தை நான் கண்ணால்கூடப் பார்க்கவில்லை, நேராகக் கல்லூரிக்குப் போனது. அங்கே வாத்தியாரும் இல்லை, லேபும் இல்லை, பிளேஸ்மென்ட்டும் இல்லை. நான் ஏன் கட்டணும்?" என்று ஒரு இளைஞர் என்னிடம் கேட்டார். கேள்வியில் நியாயம் இருக்கிறது. அதே கேள்வியைப் பாதியில் நின்றுபோன அபார்ட்மென்ட்டில் பணம் போட்டவரும் கேட்கிறார்: வீடே இல்லை, வாடகையும் கட்டுகிறேன், தவணையும் கட்டுகிறேன்.

சட்டம் இதை இரண்டு தனி ஒப்பந்தங்களாகப் பார்க்கிறது. கல்லூரியோடு, பில்டரோடு உங்களுக்கு இருப்பது ஒன்று. வங்கியோடு இருப்பது வேறு. வங்கி உங்கள் சார்பில் பணத்தை அவர்களுக்குக் கொடுத்தது, அதைத் திருப்பித் தருவது உங்கள் வாக்கு. பில்டர் ஏமாற்றினால் நீங்கள் ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்துக்கோ நுகர்வோர் நீதிமன்றத்துக்கோ அவர் மீது போகலாம். தவணையை நிறுத்தினால் அடிபடுவது உங்கள் சிபில். ஆனால் எல்லா இடத்திலும் வங்கி வெறும் பார்வையாளர் என்று நான் நம்பவில்லை. டெல்லியை ஒட்டிய பகுதிகளில் கட்டடம் எழும்பாமலே பில்டர்களுக்குக் கடன் தொகை போய்ச் சேர்ந்த திட்டங்களில், பில்டர்–வங்கிக் கூட்டு பற்றி விசாரிக்க 2025இல் உச்ச நீதிமன்றம் சி.பி.ஐ.க்கு உத்தரவிட்டது. கடன் கொடுத்தவருக்கும் பொறுப்பு உண்டு என்ற பேச்சு அங்கிருந்தாவது தொடங்கட்டும்.

பொறுப்பின் எல்லை எங்கே என்பது இயற்கை விதி ஒன்றும் இல்லை, ஒவ்வொரு நாடும் வரைந்துகொள்ளும் கோடு. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், குடியிருக்க வீடு வாங்கக் கடன் எடுத்தவரிடம் வீட்டை எடுத்துக்கொண்ட பிறகு மிச்சத்தைக் கேட்கப் பெரும்பாலும் முடியாது. 1930களின் பெருமந்தக் காலத்தில் வந்த சட்டம் அது. 2008இல் வீட்டு விலைகள் சரிந்தபோது அப்படிப்பட்ட மாநிலங்களில் சிலர் சாவியை உறையில் போட்டு வங்கிக்குத் தபாலில் அனுப்பிவிட்டு வெளியேறினார்கள். உறைக்குள் சாவி கலகலப்பதை வைத்து அதற்குக் கிலுகிலுப்பைத் தபால் என்கிற மாதிரி ஒரு கேலிப் பெயரும் வந்தது. அதே அமெரிக்காவில் கல்விக் கடன் நேர் எதிர். திவாலானாலும் அது எளிதில் போகாது. 1976இல் தொடங்கிய அந்தக் கட்டுப்பாடு 1998இல் இறுகியது, 2005இல் தனியார் கல்விக் கடன்களுக்கும் விரிந்தது. வீட்டை விட்டுவிட்டுப் போக முடிந்தவரால் பட்டத்தை விட்டுவிட்டுப் போக முடியவில்லை. நம் நாட்டில் இந்த வித்தியாசம் இல்லை. இரண்டு கடனுமே கடைசிவரை உங்கள் பெயரில்தான்.

மஞ்சள் கடுதாசி இருக்கிறதே என்பீர்கள். திவால் மனு போடுவதை நாம் அப்படித்தான் சொல்கிறோம். சென்னைக்கு 1909ஆம் ஆண்டுச் சட்டம், மற்ற ஊர்களுக்கு 1920ஆம் ஆண்டுச் சட்டம், இரண்டுமே வெள்ளைக்காரன் காலத்தவை. 500 ரூபாய் கடன் இருந்தால் மனுப் போடலாம் என்று அவற்றில் எழுதியிருப்பதிலிருந்தே வயது தெரியும். 2016இல் வந்த புதிய திவால் சட்டத்தில் தனிநபர்களுக்கான பகுதி, கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் போட்டவர்களுக்கு மட்டுமே நடைமுறைக்கு வந்திருக்கிறது. பழைய சட்டப்படி மஞ்சள் கடுதாசி கொடுத்தாலும் அடமானத்தில் இருக்கும் வீட்டை வங்கி எடுப்பதை அது தடுக்காது. திவால் நிலையிலிருந்து கோர்ட் விடுவிக்கும்வரை எம்.எல்.ஏ. ஆகவும் முடியாது, அதைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் குறைவு என்றாலும்.

இறந்துபோனால்?

கடன்தாரர் இறந்தால் கடன் தானாகச் சாகாது. இணைக் கடன்தாரரும் ஜாமீன்தாரரும் அப்படியே பொறுப்பில் இருப்பார்கள். கையெழுத்தே போடாத வாரிசுகள், இறந்தவரிடமிருந்து வந்த சொத்தின் அளவுக்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும். சொந்தச் சம்பளத்திலிருந்து தர வேண்டியதில்லை. இந்து குடும்பங்களில் அப்பன் கடனை மகன் தீர்க்க வேண்டும் என்பது ஒரு காலத்தில் நீதிமன்றமே ஏற்ற புண்ணியக் கடமையாக இருந்தது. 2005ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைத் திருத்தச் சட்டம், அதற்குப் பின் வாங்கும் கடன்களுக்கு அந்தக் கடமையைக் காரணம் காட்டி மகனையோ பேரனையோ பிடிக்க முடியாது என்றாக்கிவிட்டது. வசூலுக்கு வருபவர் "அப்பா பேரைக் கெடுக்கலாமா" என்று கேட்டால் அது சட்டம் பேசுவதில்லை.

வீட்டுக் கடனோடு கடன் காப்பீடு ஒன்றையும் சேர்த்துத் தள்ளிவிடுவார்கள். அதன் பிரீமியம் பல நேரம் கடனிலேயே ஏறியிருக்கும். அது கட்டாயம் என்று சொன்னால் எழுத்தில் கேளுங்கள், பேச்சு மாறும். ஆனால் ஒற்றைச் சம்பளத்தில் ஓடும் குடும்பம் என்றால், இந்தக் கடனை மூடும் அளவுக்கு ஏதாவது ஒரு டேர்ம் இன்ஷூரன்ஸ் இருப்பது அவசியம்.

கட்ட முடியாமல் போனால்

90 நாள் ஆவதற்கு முன் போய்ப் பேசுங்கள். மேனேஜரைப் பார்க்கக் கூச்சப்பட்டுக் கிளைப் பக்கமே போகாமல் இருப்பதுதான் எல்லாரும் செய்வது. கணக்கு வாராக்கடன் ஆவதற்கு முன் தவணைக் காலத்தை நீட்டவோ தொகையைக் குறைக்கவோ அவருக்கு இருக்கும் வசதி, ஆன பிறகு இருக்காது. பேசியதை ஒரு கடிதமாகவும் கொடுத்து, நகலில் சீல் வாங்கி வையுங்கள்.

செட்டில்மென்ட்டுக்கு அழைப்பு வரும்: 6 லட்சம் பாக்கிக்கு 3.5 லட்சம் கட்டினால் முடித்துக்கொள்கிறோம் என்பார்கள். வேறு வழியே இல்லாதவருக்கு அது நல்லதுதான். ஆனால் சிபிலில் "முழுதும் அடைந்தது" என்று வராது, "செட்டில்டு" என்று வரும். அடுத்த கடன் கேட்கும்போது இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரியும்.

வசூல் ஏஜெண்டுகள் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் அழைக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் சொல்லியிருக்கிறது. நீங்கள் வேலை பார்க்கும் இடத்தில், சொந்தக்காரர்களிடம் அவமானப்படுத்துவதும் கூடாது. கடன்பட்டவர் என்பதால் இந்த உரிமை குறையாது. கடனை வங்கி வேறொரு நிறுவனத்துக்கு விற்றுவிட்டால் நீங்கள் பணம் தர வேண்டிய முகவரி மாறுகிறது, அவ்வளவுதான். ஆனால் போனில் பேசுபவரின் பேச்சை நம்பிப் பணம் அனுப்பாமல், கடன் கைமாறியதற்கான கடிதத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

சித்தப்பா கடைசியில் நண்பரை ஊர்ப் பெரியவர்கள் முன்னால் உட்காரவைத்தார். இருவரும் பாதிப் பாதி போட்டு செட்டில்மென்ட் முடித்தார்கள். பேச்சுவார்த்தை இன்றுவரை இல்லை. கணக்கு முடிந்த கடிதத்தோடு, தன் பெயர் ஜாமீனிலிருந்து நீங்கியதற்கும் தனியாக ஒரு கடிதம் கேட்டு வாங்கினார். மூன்று மாதம் கழித்து சிபில் அறிக்கை எடுத்துப் பார்த்தால் பழைய வரி அப்படியே இருந்தது, அந்தக் கடிதத்தை வைத்துத்தான் அதைத் திருத்த வைத்தார்.

வீட்டுக் கடனை முழுதும் கட்டியவர்களுக்கும் இப்படி ஒரு கடைசி வேலை பாக்கி இருக்கும். அசல் பத்திரங்களை வங்கி 30 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். தன் தவறால் தாமதித்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் தர வேண்டும் என்பது 2023 டிசம்பர் முதல் விதி. பத்திரம் கைக்கு வந்ததும் பீரோவில் வைத்துப் பூட்டிவிடாதீர்கள். கடன் வாங்கும்போது சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் ஒப்படைத்ததைப் பதிவு செய்திருப்பீர்கள். வங்கி அதிகாரியை அங்கே வரச் சொல்லி ரசீது ஆவணம் பதிவு செய்தால்தான் அது ரத்தாகும். பிறகு ஒரு வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள், ரசீது என்ற அந்தக் கடைசி வரி ஏறியிருக்கிறதா என்று.